வல்பூரி மூட்டிய சனிக்கிழமை அடுப்பு

போன கோடையில் நகரத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்தார். காப்பிக்குக் காத்திருக்கும் பொறுமைகூட இல்லாமல் மேசையில் ஃபின்லாந்து வரைபடத்தை விரித்தார். அதில் மேலிருந்து கீழாக நாட்டையே இரண்டாகக் கிழித்த மாதிரி சிவப்புப் பென்சிலில் ஒரு கோடு. கோட்டுக்குக் கிழக்கே வாரா வாரம் ரொட்டி சுடுகிறவர்கள், மேற்கே வருடத்துக்கு இரண்டு முறை சுட்டு, காயவைத்துச் சாப்பிடுகிறவர்கள். பண்பாடு சில சமயம் ஆட்களோடு சேர்ந்து இடம் மாறும், சில சமயம் இருந்த இடத்திலிருந்தே பக்கத்து வீட்டுக்குத் தொற்றும், சில சமயம் பெரிய வீட்டிலிருந்து சின்ன வீட்டுக்கு இறங்கும் என்று நிறையச் சொன்னார். நல்ல மனிதர்தான். கடைசியில் கேட்டார்:

"இந்தக் கோடு உங்க ஊரைத் தாண்டி எப்போ மேற்கே போச்சு, ஐயா?"

"கோடா? அது ஒரு பசுமாட்டை ஓட்டிக்கிட்டு ஸ்டேஷன்லேருந்து நடந்து வந்துச்சு. பேரு வல்பூரி ரந்தாலைனென்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார். ஆனால் வரைபடத்தில் எங்கள் ஊருக்கு ஒரு புள்ளிதான் விழும், புள்ளிக்குள் பெயர் எழுத இடம் இருக்காது. அந்தப் பெண்மணிக்கு ஒரு புள்ளி போதாது. அதனால்தான் எழுத்துக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தமாக இருந்தும் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஹுன்னிலா என்பது எங்கள் பண்ணைக்குப் பெயர். வசந்தத்தில் ஒரு தடவை, அறுவடை முடிந்து ஒரு தடவை ரொட்டி அடுப்பை மூட்டுவோம். ரை என்ற தானியத்தின் மாவைப் புளிக்கவைத்து, நடுவில் ஓட்டை போட்ட வட்ட ரொட்டிகளாகச் சுட்டு, நீளக் கழிகளில் கோர்த்து, கூடத்துக் கூரைக்குக் கீழே தொங்கவிடுவோம். நாளாக ஆக அது கல் ஆகும். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டின் மதிப்பை அண்ணாந்து பார்த்துத்தான் சொல்வார்கள். சூடான ரொட்டி தின்கிற வீடு நாளைக்குப் பிச்சை எடுக்கும் வீடு என்பது எங்கள் எண்ணம். போன வருட ரொட்டி கழியில் தொங்கினால் அந்த வீட்டுக்குப் பெண் கொடுக்க யோசிக்க மாட்டார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. சாப்பாட்டு நேரத்தில் கழியிலிருந்து ரொட்டியை எடுத்து, உடைத்து, முதல் துண்டைத் தான் கடித்துவிட்டு மற்றவர்களுக்குக் கொடுப்பது வீட்டுத் தலைவரின் வேலை. மேசைத் தலைமாட்டில் அதற்கென்று ஒரு நாற்காலி. அப்பா போனபின் அதில் அண்ணன் உட்கார்ந்தான். அண்ணன் போரில் விழுந்தபின் அது எனக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் 1944 கோடையில் ஒரு குண்டுச் சிதறல் என் தாடையை உடைத்து, பற்களில் பெரும்பாலானவற்றைக் கொண்டுபோய்விட்டது. ராணுவ மருத்துவமனையில் கம்பி வைத்துக் கட்டி, "மிருதுவானதாச் சாப்பிடு" என்று சொல்லி அனுப்பினார்கள். மிருதுவானது என்று எங்கள் வீட்டில் எதுவும் இருந்ததில்லை, என் அக்கா லெம்பியின் பேச்சு உட்பட.

லெம்பி மணமாகாதவள். பண்ணையை ஒற்றை ஆளாக நடத்தினாள். எனக்காகக் கல் ரொட்டியைச் சுடுபாலில் ஊறவைத்துக் கூழாக்கித் தருவாள். அது என் கன்னத்து ஓரம் வழியாக ஒழுகும். அந்த முகத்தோடு மேசையில் உட்கார எனக்கு மனம் வரவில்லை. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சௌனா என்கிற நீராவிக் குளியலறைக்கு முன்னால் இருக்கும் சின்ன அறைக்குப் போய்விடுவேன். தலைமாட்டு நாற்காலி காலியாகக் கிடந்தது. நாளாக நாளாகக் கிண்ணமும் பாதி மிச்சத்தோடு திரும்பியது. இருபத்தெட்டு வயதில், ஒரு கட்டு வைக்கோலைத் தூக்கத் தெம்பில்லாமல் போனேன். இப்படியே கரைந்து போவதுதான் எனக்கு விதித்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த இலையுதிர் காலத்தில்தான் எங்கள் நாட்டின் கிழக்கு ஓரமான கரேலியா ரஷ்யாவிடம் பறிபோனது. அங்கே இருந்த சனம் முழுக்க மூட்டை முடிச்சோடு மேற்கே வந்தது. அரசாங்கம் வீட்டுக்கு வீடு ஆள் ஒதுக்கியது. எங்களுக்கு வந்தவர்கள் லடோகா ஏரிக்கரைப் பக்கத்து வல்பூரி, அவளுடைய பத்து வயதுப் பெண் அவுனே, மன்சிக்கி என்ற பசு. வல்பூரிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் போரில் போய்விட்டான். அவள் முதுகு மூட்டையில் ஒரு மெல்லிய உருட்டுக்கட்டை துருத்திக்கொண்டிருந்தது. கையில் மாவு பிசைகிற மரத் தொட்டி. வீட்டையே விட்டுவிட்டு வருகிறவள் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வருவாளா என்று ஊரே சிரித்தது.

எங்கள் பக்கத்தில் வரவேற்பு என்றால் பேச்சல்ல, சாப்பாடு. லெம்பி ஏணி போட்டு ஏறி, கடைசிக் கழியிலிருந்து எங்கள் வீட்டிலேயே பழைய ரொட்டியை எடுத்தாள். பாதிரியார் வந்தால்கூட அந்தக் கழியைத் தொட மாட்டாள். அதைக் கொண்டுவந்து வல்பூரி முன்னால் வைத்தாள்.

நான் வெளியே என் கிண்ணத்தோடு இருந்தேன். சன்னல் வழியாக வல்பூரியின் முகம் தெரிந்தது. அறை வாங்கியவள் முகம் மாதிரி இருந்தது. அவர்கள் ஊரில் வாரம் தாண்டிய ரொட்டி என்றால் கால்நடைக்கு. விருந்தாளிக்கு அதை வைப்பது, "எப்போது கிளம்புகிறாய்" என்று கேட்பதற்குச் சமம். லெம்பி வெளியே போனதும் வல்பூரி தன் பெண்ணிடம் மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது.

"சாப்பிடுடி. நாம இப்ப இந்த நெலமைக்கு வந்துட்டோம்."

அடுத்த சனிக்கிழமை காலையில் வல்பூரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு லெம்பி முன்னால் நின்றாள்.

"வீட்டம்மா, அடுப்பு மூட்டிக்கலாமா?"

"எதுக்கு?"

"ரொட்டி சுட."

லெம்பி அண்ணாந்து கழிகளைப் பார்த்தாள். பிறகு வல்பூரியைப் பார்த்தாள். "மேல இருக்கிறது என்ன, செருப்பா?"

"அதுவும் ரொட்டிதான், நான் இல்லைங்கலை. ஆனா இன்னிக்கு சனிக்கிழமையாச்சே!"

"சனிக்கிழமைன்னா சௌனா. ரொட்டிக்கு அக்டோபர். அது முடிஞ்சுபோச்சு. ஒரு ரொட்டி சுட ஒரு வண்டி விறகா? எங்க காட்டை எரிச்சுட்டுப் போறதுக்கா வந்தே?"

"உங்க விறகை யாரு கேட்டா? காத்துல விழுந்த கிளையைப் பொறுக்கிக்கறேன். அதுக்காவது அனுமதி உண்டா, இல்ல அதையும் கழியில கோத்து வெச்சிருக்கீங்களா?"

எங்கள் ஊரில் லெம்பியிடம் இப்படிப் பேசிவிட்டு யாரும் சும்மா திரும்பிப் போனதில்லை. நான் காத்திருந்தேன். லெம்பி பால் வாளியை எடுத்துக்கொண்டு மாட்டுத் தொழுவத்துக்குப் போய்விட்டாள். வல்பூரி அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனாள்.

அன்று மத்தியானம் எங்கள் கூடத்தில் எழுந்த வாசனையை நான் என்னவென்று சொல்ல! அக்டோபரில் எங்கள் வீட்டிலும் அதே மாவுதான் வெந்தது. ஆனால் அது கழிக்குப் போகிற ரொட்டி. இது இப்போதே தின்பதற்கென்று வெந்தது. முதல் ரொட்டியை, ஆவி பறக்க, வல்பூரி துணியில் சுற்றி லெம்பியிடம் நீட்டினாள். அவர்கள் ஊரில் அதற்கு மேல் ஒரு மரியாதை கிடையாது.

லெம்பி வாங்கிக்கொண்டாள். நன்றி என்று முணுமுணுத்தாள். பிறகு என்ன செய்தாள் தெரியுமா? கத்தியால் ரொட்டியின் நடுவில் ஓட்டை போட்டு, ஏணியில் ஏறி, கழியில் மாட்டிவிட்டாள். நல்ல ரொட்டியை வீணாக்கலாமா, பக்குவமாகட்டும் என்றுதான். வல்பூரி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த வாரம் முழுவதும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஒருத்தி தன் வீட்டிலேயே சிறந்ததைக் கொடுத்தாள், இன்னொருத்தியும் அப்படியே. இரண்டு பேருமே அவமானப்பட்டுவிட்டார்கள். இரண்டையும் பார்த்தது நான் ஒருவன்தான். எனக்கோ வாய் சரியில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை வல்பூரி சௌனாவுக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தவள், என் அறைக் கதவைத் தள்ளினாள். கிண்ணமும் ஒழுகும் கன்னமுமாக நான் அகப்பட்டுக்கொண்டேன். முகத்தைத் திருப்பினேன்.

"இங்க என்ன பண்றே, தம்பி? வீட்டுல நாற்காலி ஒண்ணு சும்மா கெடக்குதே."

"கடிக்க முடியாது" என்றேன். அப்போது என் பேச்சு பாதிப் பேருக்குப் புரியாது. அவளுக்குப் புரிந்தது.

வாளியை வைத்துவிட்டுப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு மூடிய தட்டோடு வந்தாள். ரை மாவை அந்த மெல்லிய உருட்டுக்கட்டையால் காகிதமாகத் தேய்த்து, நடுவில் பார்லிக் கஞ்சியை வைத்து, ஓரங்களை விரலால் சுருக்கி, அடுப்பின் உச்சச் சூட்டில் வாட்டி, எடுத்த எடுப்பில் வெண்ணெய் கரைந்த பாலில் முக்கி, துணி போட்டு மூடி வைப்பார்கள். பீராக்கா என்று அதற்குப் பெயர். அதற்கு வழக்கமாகச் சேர்க்கிற அரிசியும் முட்டையும் கண்ணில் பார்க்க முடியாத காலம் அது. இருந்ததை வைத்துச் செய்திருந்தாள்.

"ஊறவெச்ச கல்லு ஒரு சாப்பாடா? இதை எடு. பல்லு வேண்டாம், நாக்கு போதும்."

எடுத்தேன். கையில் பிடித்துச் சாப்பிட்டேன், கரண்டி இல்லாமல். ஓரம் மட்டும் லேசாகத் தடுத்தது, பிறகு அதுவும் வழிவிட்டது. ரை மாவின் புளிப்பு நாக்கில் பட்டது. ரொட்டி! மாதக்கணக்குக்குப் பிறகு நான் ரொட்டி சாப்பிட்டேன். என்னால் அடக்க முடியவில்லை, அழுதுவிட்டேன். வல்பூரி அதைப் பார்க்காதவள் போல ஏதோ மன்சிக்கியின் மடி வீக்கத்தைப் பற்றி நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தாள். அவ்வளவு வாயாடி. அந்த வாய்க்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

தட்டு காலியானதும் எழுந்தாள். "இங்க கொண்டாந்து குடுக்கறது இதோட சரி. இனிமே வேணும்னா மேசைக்கு வா."

"லெம்பி முன்னாடியா?"

"ஏன், உங்கக்கா என்ன கரடியா?"

போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் அடுத்த சனிக்கிழமை அந்த வாசனை சௌனா வரைக்கும் வந்தது. போனேன். தலைமாட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். வல்பூரி தட்டை என் முன்னால் வைத்தாள். லெம்பி கழி ரொட்டியை மென்றுகொண்டிருந்தவள், மெல்வதை நிறுத்தினாள். நான் ஒரு பீராக்காவை எடுத்து இரண்டாக உடைத்து, முதல் துண்டை நான் கடித்து, மற்றதை அக்காவிடம் நீட்டினேன். அவள் அதை வாங்கி முழுதும் சாப்பிட்டாள். கண்ணைத் துடைக்கவில்லை, அப்படியெல்லாம் எங்கள் வீட்டில் செய்ய மாட்டோம். ஆனால் மறு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அடுப்புப் பக்கத்தில் பிளந்த பிர்ச் விறகு இடுப்பளவு அடுக்கியிருந்தது. நல்ல காய்ந்த விறகு, கிறிஸ்துமஸுக்கென்று வைத்திருந்தது.

வல்பூரி அதைப் பார்த்துவிட்டு, "இது யாருக்கு?" என்று கேட்டாள்.

"அடுப்புக்கு" என்றாள் லெம்பி.

அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் புகைபோக்கியில் சனிக்கிழமைதோறும் புகை வந்தது. ஊர் அதைக் கவனிக்காமல் இருக்குமா? கொல்லன் மனைவி சைமா, "ஹுன்னிலா வீட்டுல அந்த ரஷ்யக்காரி காட்டையே எரிக்கிறா" என்று கடையில் நின்று சொன்னாள். வல்பூரி எங்களைப் போலவே லூத்தர் சபைக்காரி, எங்கள் ராணுவத்துக்கே புருஷனைக் கொடுத்தவள். லெம்பி கடைக்குப் போய், "ரஷ்யக்காரி சுட்டதைத் தின்னுதான் என் தம்பி எந்திரிச்சு நடக்கறான். உனக்கு வேணும்னா வாயைத் திற, ஒண்ணு போடறேன். இல்லேன்னா மூடிக்கோ" என்றாளாம். லெம்பி ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதுதான் அந்த வருடத்தின் பெரிய செய்தி.

பிறகு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். சல்லடை கேட்டு ஒருத்தி, மாடு பார்க்க ஒருத்தி. வந்தவர்கள் உட்கார்ந்து ஓரம் சுருக்கக் கற்றுக்கொண்டு போனார்கள். சைமா கடைசியாக வந்தாள், ஆனால் பாதிரியார் வீட்டு அம்மாள் சபைக் கூட்டத்துக் காப்பிக்குப் பீராக்கா வைத்த பிறகுதான். அது நடந்ததும் ஊரில் மிச்சம் மீதி இருந்தவர்களும் உருட்டுக்கட்டை செதுக்கச் சொல்லி என்னிடம் வந்தார்கள். பல்கலைக்கழகத்துக்காரர் இதற்கெல்லாம் தனித்தனிப் பெயர் சொன்னார். சைமா மட்டும் கஞ்சிக்குப் பதிலாக உப்பு மீனை வைத்துச் சுருக்கினாள். வல்பூரி அதைக் கடித்துப் பார்த்துவிட்டு, "இது பீராக்கா இல்ல, மீனுக்குத் தச்ச சட்டை" என்றாள். சைமா வீட்டில் இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறார்கள், நன்றாகத்தான் இருக்கிறது.

அடுத்து நிலப் பிரச்சினை வந்தது. வந்தவர்களுக்கு நிலம் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். பெரிய பண்ணைகள் வெட்டிக் கொடுக்க வேண்டும். எல்லாரும் கல்லும் சதுப்புமான மூலையைத்தான் காட்டினார்கள். எங்கள் வீட்டிலும் அப்படியொரு மூலை உண்டு, காட்டுக்கு அப்பால். அது வேண்டாமென்றால் வல்பூரிக்கு வடக்கே எங்கோ புதுக்காடு வெட்டிக்கொள்ள இடம் கிடைக்கும். அவள் மூட்டையைத் தயார் செய்துகொண்டுதான் இருந்தாள். சதுப்பு நிலத்தில் ஒரு பெண்பிள்ளையோடு என்ன செய்வாள்? நானோ திரும்ப அந்தச் சௌனா அறைதான் என்று பயந்தேன். லெம்பிக்கு ரொட்டி சுடத் தெரியும், ஆனால் பீராக்காவின் அந்த ஓரம் அவள் விரலுக்குக் கடைசி வரை படியவே இல்லை. சுயநலம்தான். ஆனால் பயம் அதைவிடப் பெரியது.

நில அதிகாரிகள் வந்த அன்று லெம்பி கம்பளிச் சால்வை போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். காட்டுப் பாதையில் திரும்பவில்லை. கிணற்றைத் தாண்டி, எங்கள் ரை வயலின் நடுவில் போய் நின்றாள். அப்பா கையால் கல் பொறுக்கிய வயல் அது. எங்கள் பண்ணையிலேயே அதைவிட நல்ல மண் இல்லை.

"இதான்" என்றாள்.

அதிகாரி, "அம்மா, யோசிச்சுச் சொல்லுங்க. பின்னால மாத்த முடியாது" என்றார்.

"யோசிச்சாச்சு."

வல்பூரி ஓடிவந்தாள். முதல் தடவையாக அவளுக்குப் பேச்சு தடுமாறியது. "வீட்டம்மா, இது உங்க நல்ல வயலாச்சே. எனக்கு எதுக்கு..."

"உனக்குக் குடுக்கலை" என்றாள் லெம்பி. "என் தம்பி வாய்க்குக் குடுக்கறேன். புகைபோக்கி எங்க வீட்டுலேருந்து தெரியணும். சனிக்கிழமை புகை வரலைன்னா நான் வந்து கேப்பேன்."

ஒரு வருடம் ஆயிற்று வீடு எழும்ப. மரம் நான் வெட்டினேன், அடுப்பை அவளே கட்டினாள், அவர்கள் ஊர் அளவுக்கு, பெரிதாக. புதுமனை புகுந்த அன்று ஊரே வந்து பீராக்கா தின்றது. கடைசியாக லெம்பி வந்தாள். சால்வைக்குள்ளிருந்து ஒரு ரொட்டியை எடுத்து மேசையில் வைத்தாள். டொக்கென்று சத்தம் கேட்டது. கடைசிக் கழி ரொட்டி, போருக்கு முந்தைய மாவு.

வல்பூரி ரொட்டியைப் பார்த்தாள். பிறகு தன் மேசையின் தலைமாட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அது அவள் வீடு, அவள்தான் தலைவி. ரொட்டியை முழங்காலில் வைத்து உடைத்து, முதல் துண்டை வாயில் போட்டு மென்றாள். மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள். நாங்கள் காத்திருந்தோம்.

"இந்தப் பொம்பளை வாய் பேசாம இருந்து இப்பதான் பாக்கறேன்" என்றாள் லெம்பி.

வல்பூரி ஒருவழியாக விழுங்கினாள். கண்ணில் நீர் நின்றது, ரொட்டியால் மட்டுமல்ல.

"நல்ல ரொட்டி, லெம்பி. இது நெசமாவே நல்ல ரொட்டி." வீட்டம்மா என்று சொல்லவில்லை. "வந்த அன்னிக்கு நீ வெச்சதும் இதானே? நான் அதைத் திங்கலை. ராத்திரி தண்ணில ஊறப்போட்டு மன்சிக்கிக்குக் குடுத்துட்டேன்."

"தெரியும். பாத்தேன்."

"பாத்தியா? ஒரு வார்த்தை கேக்கலையே நீ!"

"மாடு ருசிச்சுத் தின்னுச்சு" என்றாள் லெம்பி. "அதுக்காவது தெரிஞ்சுதேன்னு விட்டுட்டேன்."

அன்று வல்பூரியின் கூடத்தில் எழுந்த சிரிப்பு எங்கள் பக்கத்துச் சிரிப்பே அல்ல, லடோகா சிரிப்பு. அதில் என் அக்காவின் குரலும் இருந்தது. மிச்ச ரொட்டியை எல்லாருக்கும் பங்கு வைத்தாள் வல்பூரி. எனக்கு மட்டும் பாலில் நனைத்த பீராக்கா. பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, நாளைக்கு வரும்போது ஒரு கழி கொண்டா. கூரையில அடிச்சுக் குடு" என்றாள்.

அடித்துக் கொடுத்தேன். லெம்பி போய்ச் சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது. அவள் கடைசியாகச் சுட்ட ரொட்டி ஒன்று அந்தக் கழியில் இன்னும் தொங்குகிறது, வல்பூரி யாரையும் தொட விடுவதில்லை. பல்கலைக்கழகத்துக்காரரை அங்கே அழைத்துப் போனேன். அண்ணாந்து பார்த்துவிட்டு, இந்த வீட்டைக் கோட்டுக்கு எந்தப் பக்கம் போடுவது என்று கேட்டார். வல்பூரி அடுப்பிலிருந்து திரும்பாமலே, "சாப்பிட்டுட்டுப் போடுங்க" என்றாள். அன்று சனிக்கிழமை. வல்பூரி தன் தலைமாட்டு நாற்காலியை என் பக்கம் தள்ளினாள்; மூவரும் உட்கார்ந்தோம், பீராக்காவை நான்தான் உடைத்துக் கொடுத்தேன்.